ஒன்றரை மீட்டர் சீர்

கொக்கிகளில் தொங்குகிற வயர் அத்தனையும் ஒரே கறுப்பு, ஒரே வளைவு. ஊரிலுள்ள சாரைப்பாம்புகளெல்லாம் தீபாவளிக்கு முந்தின நாள் பொதுக்குழு கூட்டி, பேசிப் பேசி அலுத்து, அங்கேயே தலைகீழாகத் தூங்கிவிட்ட மாதிரி கடைச் சுவர் முழுக்கத் தொங்கின. எது ஒசத்தி எது மட்டம் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்றுதான் பூமிநாதன் உள்ளே ஏறினார். ஏறின பிறகுதான் தெரிந்தது, இந்தச் சாதிக்கு முகமே கிடையாது, ரெண்டு பக்கமும் வாய்தான். சாதி என்ற சொல் மனசுக்குள் வந்து விழுந்ததும் காலில் ஏதோ ஊர்ந்த மாதிரி அவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார், அதை இப்போது எடுக்க வேண்டாம், நல்ல நாளும் அதுவுமாக. வெளியே டவுன்ஹால் ரோட்டில் மதுரை மொத்தமும் இறங்கி நடந்துகொண்டிருந்தது. அந்த நெரிசலில் ஒருவன் தும்மினால் அடுத்த தெருவில் இருப்பவன் மூக்கைத் துடைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவு கூட்டம். அதில் நீந்தி வருகையில் அவருடைய ஒரு செருப்பு மட்டும் தனியாக முன்னால் போய், கடை வாசலில் அவருக்காகக் காத்திருந்தது என்றுகூட அவர் பின்னாளில் சொல்லக்கூடும், சொல்வார், இப்போது அதற்கு நேரமில்லை. இப்போது ஒரு வயர் வாங்க வேண்டும். பெங்களூரில் மறந்துவிட்டு வந்த ஒரு வயர். டிவியில் குத்தி வீடியோ கேம் விளையாடுகிற பெட்டிக்கு ஒரு வயர். முப்பது வருஷம் மின்வாரியத்தில் கம்பம் ஏறின மனுஷனுக்கு வயர் வாங்கத் தெரியாதா, என்ன கேள்வி இது, யார் கேட்டது, யாரும் கேட்கவில்லை, அவரேதான் கேட்டுக்கொண்டார், கேட்டுக்கொண்டு அதே இடத்தில் நின்றார்.

காலையில் அது எப்படி நடந்தது என்று நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது. ரெண்டு வருஷம் கழித்து மகள் மங்கை வாசல்படி ஏறுகிறாள், பின்னாலேயே அந்தப் பையன், ஜெரால்டு, திண்டுக்கல் வேதக்காரப் பையன், முதுகில் பை, கையில் பூந்தொட்டி மாதிரி ஒரு துணிச் சுருட்டுக்குள் அந்தப் பெட்டி. "வாங்க தம்பி, வாங்க வாங்க" என்று மனைவி சௌந்தரம் உருகி ஓடுகிறாள். பூமிநாதன் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார், தலைகீழாகப் பிடித்திருந்தார் என்று மங்கை அப்புறம் அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது, பொய், பக்கவாட்டில்தான் பிடித்திருந்தார். பையன் அவர் முன்னால் வந்து நின்று, "நல்லாருக்கீங்களா சார்?" என்றான். சார். பெண் கேட்க வந்த முதல் நாளில் சார் என்றான், அதை மாற்று என்று ஒருத்தரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய ஒரே ஆள் அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். சௌந்தரத்தை மட்டும் அத்தை என்கிறான். எப்படி என்கிறான், எப்போதிருந்து என்கிறான், அது வேறு கதை. சௌந்தரம் மோதிரப் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள், தலைதீபாவளிக்கு முறை, ரெண்டு வருஷம் தள்ளிப்போனாலும் தலைதீபாவளி தலைதீபாவளிதான் என்றாள். அவன் வெட்கப்பட்டான். "எங்க வீட்ல இந்தப் பழக்கம் இல்ல அத்தை. மோதிரம் போட்டா கன்ட்ரோலர் பிடிக்கிறப்ப விரல்ல உறுத்தும். நீங்களே வச்சுக்கங்க." சௌந்தரம் மூஞ்சி சுருங்கி மோதிரப் பெட்டியை மூடினாள். அந்த மூஞ்சியை மாற்ற வேண்டுமே என்று, "எனக்கு ஒரு வயர் கிடைச்சாப் போதும், மறந்துட்டு வந்துட்டேன்" என்றான் பாவம். பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "வயர்தானே. நான் வாங்கிட்டு வரேன்." யார் குரல் என்று பூமிநாதனும்தான் திரும்பிப் பார்த்தார். ரெண்டு வருஷத்தில் அவர் அவனிடம் பேசின முதல் பேச்சு அது, அதையும் மின்விசிறியைப் பார்த்துத்தான் சொன்னார். தம்பி என்று ஒரு சொல், மாப்பிள்ளை என்று ஒரு சொல், எதுவும் முன்னால் சேராமல் மொட்டையாகப் போய் விழுந்தது. சட்டை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினவர் பஸ் ஏறுகிற வரைக்கும் அந்த மொட்டைப் பேச்சுக்கு ஒரு தலையைத் தேடிக்கொண்டே வந்தார்.

"என்ன வேணும்ணே?" கல்லாவிலிருந்த அம்மா, கடைக்குப் பெயர் கொடுத்த நஸீமா அவளாகத்தான் இருக்க வேண்டும், தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே கேட்டாள். பார், கண்டு அரை நிமிஷமாகவில்லை, அண்ணே என்கிறாள், மதுரையில் வெற்றிலைக்காரிக்கும் அண்ணன், ஆட்டோக்காரனுக்கும் அண்ணன், சொந்த மகளைக் கட்டினவனுக்கு மட்டும் சார். "கேம் பெட்டிக்கு வயரு" என்றார். "புதுப் பெட்டியா, பழைய பெட்டியா? மஞ்சள் செவப்பு வெள்ளைன்னு மூணு குத்துறதா, ஒத்தையாக் குத்துற ஹெச்டிஎம்ஐ-யா?" "புதுசு." "அப்ப ஹெச்டிஎம்ஐ. ஃபோர் கே-யா? அறுவது ஹெர்ட்ஸா, நூத்தி இருவதா? எத்தனை மீட்டர்?" ஒரு கேள்வி என்று நினைத்து வந்தால் பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையிடம் கேட்கிற மாதிரி வரிசையாகக் கேட்கிறாளே. "கெட்டியா இருக்கணும்" என்றார் பூமிநாதன். கெட்டி வயர் என்றால் நிறையப் போகும், ஒல்லி வயர் என்றால் சூடாகும், இது அவருக்குத் தெரியும், இதுதான் தெரியும். ரெண்டு வயரை எடுத்து ரெண்டு உள்ளங்கையிலும் வைத்துக் கண்ணை மூடி எடை பார்த்தார். "அண்ணே, அது கத்திரிக்கா இல்ல." "தாயி, நான் லைன் இன்ஸ்பெக்டரா இருந்தவன். அழகர்மலை லைன் முழுக்க என் கையில இருந்துச்சு. அங்க ஒரு குரங்கு, கடுவன் குரங்கு, நான் கம்பத்துல ஏறினா பின்னாலேயே ஏறும். கட்டிங் பிளேயரைக் கேட்டா கட்டிங் பிளேயர் எடுத்துக் குடுக்கும், டெஸ்டரைக் கேட்டா டெஸ்டர். கடைசியில நான் கீழ நின்னு பீடி குடிப்பேன், அது மேல ஏறி ஃபியூஸ் போட்டுட்டு வரும்." நஸீமா முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. "சம்பளம் குடுத்தீங்களாண்ணே அதுக்கு?" பக்கத்தில் சார்ஜர் வாங்க நின்ற ரெண்டு பேர் சிரித்தார்கள். பூமிநாதனும் சிரிக்க வாயைத் திறந்தார், திறந்த வாய்க்குள் அந்தப் பழைய பேச்சு போய் மாட்டிக்கொண்டது, வெளையாடுறவனுக்குச் சம்பளம் குடுக்கிறவன் எவன். அவர் சொன்னதுதான். பெண் கேட்க வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த பையனைப் பார்த்து, அவன் அம்மா பக்கத்தில் இருக்கும்போதே. கேம் வெளியே வருவதற்கு முன்னால் விளையாடிப் பார்த்து எங்கே பிசகு என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் தன் வேலை என்று அவன் பொறுமையாகச் சொல்லி முடித்த பிறகு சொன்னது. வேலைதான் காரணம் என்று ஊரெல்லாம் சொன்னார். தெருவிலே ரெண்டு பேர் ஆமோதித்தார்கள். வேலையா காரணம். விடு, வயரைப் பார், கெட்டியாக இருக்கிறதா பார்.

நீளம் ஒரு பிரச்சினை. ஒன்றரை மீட்டர், மூணு மீட்டர், அஞ்சு, பத்து. சீர் என்று வந்துவிட்டால் குறைத்துக் கொடுக்கக்கூடாது, வேட்டி என்றால் எட்டு முழம், யாராவது மாப்பிள்ளைக்குத் துண்டு கொடுப்பார்களா, பத்து மீட்டரை எடு என்று கை போனது. போன கை பாதியில் நின்றது. பத்து மீட்டர் இருந்தால் அந்த வயர் ஹாலில் கிளம்பி, ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து, மாடிப்படியில் ஏறி, மங்கையின் அறைக்கே போய்விடுமே. போனால் அவனும் பின்னாலேயே போய்விடுவான். கதவைச் சாத்திக்கொள்வான். சாத்தின கதவுக்கு வெளியே எப்படி இருக்கும் என்று இந்த ரெண்டு வருஷம் ஹாலில் தனியாக உட்கார்ந்து டிவியில் வானிலை அறிக்கையை ரெண்டு தரம் பார்க்கிற ஆளுக்குத் தெரியாதா. ஒன்றரை மீட்டர் என்றால் டிவியைவிட்டு அவன் நகர முடியாது. கன்றுக்குட்டியைக் கட்டின மாதிரி. அவருடைய சாய்வு நாற்காலிக்கும் டிவிக்கும் நடுவில் தரையில்தான் உட்கார வேண்டும், கால் நீட்டினால் அவர் கால் மேல் இடிக்கும். இடிக்கட்டும். இடித்தால் யாராவது ஒருத்தர் ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும். "ஒன்றரை மீட்டர் போதும்" என்றார், குரலில் ஏதோ திருட்டுத்தனம் இருந்திருக்க வேண்டும், நஸீமா நிமிர்ந்து பார்த்தாள். "மாடி ரூம் வரைக்கும் போகாதுல்ல இது?" "மாடிக்கா? அண்ணே, வயர் எம்புட்டு நீளமா இருந்தா என்ன, படம் டிவியிலதான் தெரியும். டிவி எங்க இருக்கோ அதுக்கு முன்னாலதான் ஆளு உக்காரணும்." ஆமாம். அப்படித்தானே. டிவி ஹாலில்தானே இருக்கிறது. இவ்வளவு நேரம் மாடி ஏறின வயரை அவர் மனசுக்குள்ளேயே சுருட்டி இறக்கினார், இறக்குகையில் ஒரு சின்ன சந்தோஷமும் கூடவே இறங்கி வந்தது, அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று மூக்கைச் சொறிந்துகொண்டார்.

ஆனாலும் அறுபதா நூற்றிருபதா என்பது நின்றது. "வீட்டுக்கு ஒரு போனைப் போட்டுக் கேளுங்களேன்" என்றாள் நஸீமா, தண்ணீர் குடியுங்களேன் என்கிற மாதிரி சுலபமாக. பூமிநாதன் சௌந்தரத்தைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் எண்ணெய் கொதிக்கிற சத்தம், அது காதுக்குள்ளேயே முறுக்கு பிழிந்தது. "அதை என்கிட்டக் கேட்டா? மாவு கையா நிக்கிறேன். அவர்கிட்டயே கேளுங்க. நம்பர்தான் வச்சிருக்கீங்களே." வைத்துவிட்டாள். பூமிநாதனுக்கு முதுகெலும்பில் ஒரு நரம்பு இழுத்துக்கொண்டது. தெரியுமா அவளுக்கு. ரெண்டு வருஷமாக அவள் போனில் சாயங்காலம் சாயங்காலம் கேஸ் கம்பெனி கூப்பிடும். ஒரு குடும்பத்தைத் தினமும் கூப்பிட்டு முக்கால் மணி நேரம் நலம் விசாரிக்கிற கேஸ் கம்பெனி உலகத்திலேயே அது ஒன்றுதான், கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டு அதனிடம் சௌந்தரம் ரசத்துக்கு எப்போது மல்லித்தழை போட வேண்டும் என்று சொல்வாள். அவர் ஒன்றும் கேட்டதில்லை. போன் அடித்தால், "ஏய், கேஸ் கம்பெனி கூப்பிடுறான் பாரு" என்று அவரே எடுத்துக்கொண்டுபோய்க் கொடுப்பார், ஒருநாள் அடிக்கவில்லையென்றால், "இன்னிக்கு கேஸ் கம்பெனி லீவா?" என்று கேட்காமல் இருக்க முடியாது. அதில் கேஸ் கம்பெனி ரெண்டு என்று இன்னொன்றும் இருந்தது. ஒரு வீட்டுக்கு எதற்கு ரெண்டு கேஸ் கம்பெனி என்று யோசித்து, ஒன்று மகள், ரெண்டு அவன் என்று புரிந்துகொண்ட ஒரு மத்தியானம், சௌந்தரம் தூங்கும்போது, அந்த ரெண்டாவது நம்பரைத் தன் போனில் ஏற்றிக்கொண்டார். அவசரத்துக்கு என்று. என்ன அவசரம், அவசரம் என்றால் அவசரம். அதே பெயரிலேயே ஏற்றினார், வேறு பெயர் அடிக்க விரல் வரவில்லை. அதன்பிறகு எத்தனையோ அவசரம் வந்தது, ஒருநாள் காய்ச்சல், ஒருநாள் சும்மா, ஒருநாள் மங்கை பிறந்தநாள், ஒவ்வொரு தடவையும் பச்சைப் பொத்தான் வரைக்கும் போய்க் கட்டைவிரல் திரும்பி வந்துவிட்டது. பதினோராயிரம் வோல்ட் லைனில் கையை வைத்த விரல். இப்போது கடைக்குள் அத்தனை பேர் இடிக்கிறார்கள், எவனோ முழங்கையால் இடித்ததில்தான் அது அமுங்கியது, அவர் அமுக்கவில்லை, கோர்ட்டில் வேண்டுமானாலும் சொல்வார். உடனே எடுத்துவிட்டான். "சொல்லுங்க சார்." பெயர் சொல்லாமலே தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் அவன் போனிலும் இந்த நம்பர் இருக்கிறது, என்ன பெயரில் இருக்கும், அவனும் ஏதாவது கம்பெனி பெயர் போட்டிருப்பானோ, கரண்ட் ஆபீஸ் என்று போட்டிருப்பானோ. "வயரு... கடையிலதான் நிக்கிறேன்." "ஆமா சார்." "அறுவதா நூத்தி இருவதான்னு கேக்குறாங்க." "அதெல்லாம் பெருசா வேண்டாம் சார். உங்க டிவிக்கு அறுவதே அதிகம். சாதா வயர் போதும். எது குடுத்தாலும் படம் வரும்." "சாதாவா." "ஆமா சார்." ரெண்டு பேரும் போனை வைக்கவில்லை. "அங்க மழை வருமா சார்?" "வரும் போலத்தான் இருக்கு." "சரி சார்." "சரி." இவ்வளவுதான். இதற்கா ரெண்டு வருஷம்.

சாதா போதுமாம். போனை வைத்த பிறகும் அந்தச் சொல் நெஞ்சில் மீன்முள் மாதிரி நின்றது. அவன் மனசறிந்து சொன்னதா, மரியாதைக்குச் சொன்னதா, இந்த ஆளிடம் சாதாவுக்கு மேல் என்ன கிடைத்துவிடப்போகிறது என்று சொன்னதா. தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைக்கு எந்த மாமனாராவது சாதா வேட்டி எடுப்பானா, எடுத்தால் பந்தியில் உட்கார முடியுமா. மோதிரத்தையும் வேண்டாம் என்றுவிட்டான், கேட்டது இது ஒன்று, அதையும் சாதாவாகக் கொடுத்தால் கொடுத்த மாதிரியா. "தாயி, இருக்கிறதுலயே நல்லது எது?" நஸீமா அலமாரிக்குள்ளிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள், நகைப்பெட்டி மாதிரி மூடி, உள்ளே பட்டுப்போல நூல் பின்னின வயர், ரெண்டு முனையிலும் மஞ்சளாக மினுக்கம். "தங்க முலாம்ணே. ஆனா உள்ளதைச் சொல்லிடறேன், இதுல வர்ற படமும் அந்தச் சாதாவுல வர்ற படமும் ஒண்ணுதான். ஒரு வித்தியாசமும் தெரியாது." "மோதிரத்துல கல்லு பதிச்சா விரல் நீளமாயிடுதா? அதுக்காக வேண்டாங்கிறமா?" நஸீமா முதல் தடவையாகச் சிரித்தாள். "யாருக்குண்ணே?" பூமிநாதன் பதில் சொல்ல வாயெடுத்தார். ரெண்டு சொல் தொண்டை வரைக்கும் வந்து வரிசையில் நின்றன, எந்தச் சொல்லை முதலில் விடுவது என்று தெரியாமல் இருமலை விட்டார். "வீட்டுக்கு வந்திருக்காங்க" என்றார். பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பக்கத்து சீட்டுக்காரர், "நகைங்களா?" என்று கேட்டார். "ஆமா, ஒன்றரை மீட்டர்" என்றார் பூமிநாதன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது சாயங்காலம். சௌந்தரம் அடுப்படியில், மங்கையும் அவனும் கொல்லையில் மழைக்கு முன்னால் துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள், இதுதான் சமயம். சாமி அலமாரியில் புதுத்துணியெல்லாம் அடுக்கியிருந்தது, ஒவ்வொன்றின் ஓரத்திலும் மஞ்சள் தடவி. புதுசாக எதைக் கொடுத்தாலும் ஓரத்தில் மஞ்சள் வைக்காமல் கொடுக்கிற வீடு இல்லை இது, அதில் மட்டும் அவருக்குச் சமரசம் கிடையாது. வேட்டிக்கு ஓரம் இருக்கிறது, சேலைக்கு முந்தி இருக்கிறது, வயருக்கு எது ஓரம்? வேறென்ன, ரெண்டு முனையும்தான். மஞ்சளைக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் குழைத்து, கூச்சத்தோடு, ஒரு குழந்தைக்கு நெற்றியில் வைக்கிற மாதிரி, இந்த முனையில் கொஞ்சம், அந்த முனையில் கொஞ்சம், தாராளமாகவே வைத்தார். தாம்பாளத்தில் வெற்றிலை, ரெண்டு பழம், நடுவில் சுருட்டின வயர். அவர்கள் உள்ளே வந்ததும் நீட்டினார். சொல்ல வேண்டிய சொல் இப்போதும் வரவில்லை, "இந்தாங்க" என்றுதான் வந்தது, ஆனாலும் ங்க சேர்ந்திருந்தது. ஜெரால்டு மங்கையைப் பார்த்தான், மங்கை கண்ணாலேயே ரெண்டு கை என்றாள், ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "வயருக்குப் பழமெல்லாம் எதுக்கு சார்" என்று சிரித்துக்கொண்டே டிவிக்குப் பின்னால் போய் ஒரு முனையைக் குத்தினான், இன்னொன்றைப் பெட்டியில் குத்தினான், சுவிட்சைப் போட்டான். டிவி நீலமாக விழித்தது. சிக்னல் இல்லை என்று ஒரு சின்னக் கட்டம் மட்டும் திரையில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் வழி தவறின மாதிரி அலைந்தது. எதுவும் வரவில்லை. எது குடுத்தாலும் வரும் என்றானே, சாதாவில்கூட வரும் என்றானே, நான் கொடுத்ததில் வரவில்லையே, கதவைச் சாத்தின கை தொட்டது வெளங்குமா, பூமிநாதனின் கண் அந்தக் கட்டத்தோடு சேர்ந்து மூலைக்கு மூலை அலைந்தது, அலைந்துகொண்டிருக்கும்போதே தன் விரலில் இன்னும் ஒட்டியிருந்த மஞ்சளில் போய் நின்றது. ஈரம். முனையில் ஈரம். முப்பது வருஷம் ஒவ்வொரு லைன்மேனையும், ஈரக்கையோட நுனியைத் தொட்டா நீ மனுஷனா மாடா என்று கேட்ட வாய் இது. ஓடிப்போய்ப் பிடுங்கிவிடலாமா, கரண்ட் போய்விட்டது என்று சொல்லிவிடலாமா, அதற்குள் ஜெரால்டு முனையைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துவிட்டான். பிசகு கண்டுபிடிப்பது அவன் தொழில். உள்ளே பார்த்தான், விரலில் தொட்டான், முகர்ந்தான். "மஞ்சளா இது?" மங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பா! நீங்களா?" அடுப்படியிலிருந்து சௌந்தரம் கரண்டியோடு எட்டிப்பார்த்தாள், "நான் வைக்கலையே." பூமிநாதன் மின்விசிறியைப் பார்த்தார். அது அவருக்கு எந்த உதவியும் செய்யவில்லை. மங்கை சிரிப்பை விழுங்கிக்கொண்டு, குரல் இறங்கி, "புதுத்துணியில வைப்பாங்க, தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்குக் கொடுக்கிறப்ப" என்றாள். அவன் அந்த மஞ்சளை இன்னொரு தரம் பார்த்தான். மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியைப் பையிலிருந்து எடுத்து, நுனியைத் திரித்து, பல்குத்தும் குச்சியில் சுற்றி, ரெண்டு முனைக்குள்ளும் விட்டுத் துடைத்தான், காதுக்குள் எண்ணெய் விடுகிறவன் மாதிரி அத்தனை நிதானமாக. ஊதினான். மின்விசிறிக்கு நேராகப் பிடித்துக் காயவைத்தான், அந்த நேரத்துக்குள் பூமிநாதன் ஒருமுறை செத்துப் பிழைத்தார். தங்க முலாமுக்கு மேலே பூசியிருந்தது அப்படியே இருந்தது. "உள்ள மட்டும் துடைச்சுட்டேன் மாமா. வெளிய இருக்கட்டும்." குத்தினான். திரை முழுக்க ஒரு பச்சை மலை எழுந்தது, மலைமேல் மேகம், மேகத்துக்குள் ஒரு பறவை, இத்தனை நாள் அந்த டிவிக்குள் இவ்வளவு இடம் இருந்தது யாருக்கும் தெரியாது. பூமிநாதன் அதில் எதையும் பார்க்கவில்லை. அந்தச் சொல் காதுக்குள் போய் உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தது. சும்மா இருந்தால் மானம் போய்விடும், எதையாவது சொல்லியாக வேண்டும், சட்டென்று, எதையாவது. "இப்படித்தான் மாப்பிள்ளே, அழகர்மலையில ஒரு குரங்கு" என்று ஆரம்பித்தார். "குரங்கா?" என்றான் ஜெரால்டு, அவர் நாற்காலிக்குக் கீழே தரையில் உட்கார்ந்துகொண்டே. "குரங்குதான். கம்பத்துல ஏறி ஃபியூஸ் போடும். அதுக்கு எல்லாம் வெளையாட்டு, எனக்கு வேலை முடிஞ்சிரும்." "சம்பளம் உண்டா மாமா அதுக்கு?" அவன் கால் நீண்டு வந்து அவர் காலில் இடித்தது, ரெண்டு பேரும் எடுக்கவில்லை. "என்ன மாப்பிள்ளே இப்படிக் கேட்டுட்டீங்க" என்றார் பூமிநாதன், திரையையே பார்த்துக்கொண்டு. "வெளையாட்டா இருந்தா என்ன, செஞ்சது வேலைதானே. குடுக்காம இருந்தா நான் மனுஷனா?"